குமிழும் சுதேசியமும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகை மலையை நோக்கிக் கிழக்குத் திசையிலிருந்து வரும் காவடிக் கூட்டத்தார் பலர் கனகம்மாசத்திரத்தைக் கடந்தே செல்லுகின்றனர். சத்திரம் என்னும் பெயரே வழிப்போக்கரின் இளைப்பாறலைக் குறிப்பது. அந்நாட்களில் சாலையோரப் பந்தல்தோறும் நீர்மோரும் அன்னமும் வழங்கப்படும்; பந்தல்தோறும் முருகன் பாட்டும் முழங்கும். மோர் வார்ப்பவரை எல்லோரும் வாழ்த்துகின்றனர். பாட்டை முழங்கச் செய்யும் மைக் செட்காரரை நினைப்பார் எவருமில்லை.

இத்தகைய சாமான்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை இப்பக்கத்தில் நாம் சந்தித்தோம். அவருடைய மேஜைமீது வால்வுகள் பொருத்திய பழைய ஆம்ப்ளிபையர் ஒன்று திறந்து கிடந்தது. டிரான்ஸ்பார்மர் நலம், வால்வுகளும் நலம், ஓசையை ஏற்றியிறக்கும் வால்யூம் கண்ட்ரோல் ஒன்றுதான் கெட்டிருந்தது. "யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிறேன், ஐயா" என்றார் அவர். அந்த அங்குசத்திற்காக இருமுறை சென்னைக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பினாராம். இதனை ஒரு தனிமனிதரின் சிறு கஷ்டம் என்று நாம் தள்ளிவிட விரும்பவில்லை. தேசத்தின் கைத்தொழில் நிலைமையை ஒரு குமிழுக்குள் காணலாம் என்பதே நமது அபிப்பிராயம்.

இந்த உறுப்பின் அமைப்பு மிக எளிது. குதிரை லாடம்போல் வளைந்த கரித்தடம் ஒன்று. அதன்மேல் ஊரும் உலோக விரல் ஒன்று. வெளியே மூன்று முனைகள். குமிழைத் திருகினால் விரல் நகரும். விரல் நிற்கும் இடத்திற்கேற்ப ஓசை கூடும் அல்லது குறையும். ஆனால் இந்த எளிமையில் ஒரு நுட்பம் உண்டு. ஓசையின் சக்தி பத்து மடங்கானால்தான் ஏறக்குறைய இருமடங்கானதாக நமது செவி உணர்கிறது. ஆகவே தடத்தின் தடையும் சீராக ஏறாமல், முதலில் மெல்லவும் பின்னர் விரைந்தும் ஏறவேண்டும். இதனை 'லாக்' வகை என்பர். சீராக ஏறும் 'லீனியர்' வகையை அவ்விடத்தில் பொருத்தினால், தொடக்கத் திருகலிலேயே ஓசை விரைந்து ஏறிவிடும். எஞ்சிய திருகலில் மாற்றம் குறைவாகவே தெரியும். கடைக்காரர் 'இரண்டும் ஒன்றுதான்' என்பாராயின் அதனை நம்பலாகாது.

பழைய வால்வு ரேடியோக்களில் பெரும்பாலும் 500 கிலோ ஓம் அல்லது 1 மெகா ஓம் அளவுள்ள கண்ட்ரோல்களே இருந்தன. பலவற்றின் முதுகில் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சும் சேர்ந்தே இருக்கும். அச்சின் கனம் கால் அங்குலம். இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைப்பதோ 6 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். இந்தச் சிறு வேற்றுமையால் பழைய குமிழ் புதிய அச்சில் ஆடும். புதிய குமிழ் பழைய அச்சில் ஏறாது. எழுத்துக் குறிகளிலும் குழப்பம் உண்டு. ஜப்பானிய வழக்கில் 'ஏ' என்பது லாக், 'பி' என்பது லீனியர்; பழைய ஐரோப்பியச் சாமான்கள் சிலவற்றில் இது தலைகீழ். ஆகவே முத்திரையை நம்பாமல் மீட்டரை நம்புவதே விவேகம். அச்சை நடுவில் நிறுத்தி, ஓசை குறையும் பக்கத்து முனைக்கும் நடுமுனைக்கும் இடையே அளந்தால், மொத்தத் தடையில் பாதி காட்டுவது லீனியர். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காட்டுவது லாக்.

தேடப் புறப்படுமுன் ஒன்றைச் சொல்லவேண்டும். திருகும்போது 'கரகர' என்னும் ஒவ்வொரு கண்ட்ரோலும் கெட்டதன்று. தூசியாயின் அதற்கென விற்கும் மருந்தைத் தெளித்துப் பலமுறை திருகினால் போதும். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஊற்றுவது தடத்திற்கு நாம் செய்யும் துரோகம். முன்னே நிற்கும் பழைய கண்டென்சர் கசிந்தாலும் அதே கரகரப்பு உண்டாகும். அதை மாற்றாமல் கண்ட்ரோலை மட்டும் மாற்றுவது, நோயை விட்டுப் படுக்கையை மாற்றுவது போலாம். மேலும் வால்வுப் பெட்டிக்குள் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் உண்டு. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி ரேடியோக்களில் உலோகச் சட்டத்திலும், சில சமயம் அச்சிலுமே மின்சாரம் நிற்கும். குமிழ் கழன்ற பழைய ரேடியோவை வெறுங்கையால் திருகுவது ஆபத்து.

எங்கே தேடுவது? சென்னையில் மூர் மார்க்கெட் இருந்த காலத்தில், கிராமபோனும் பழைய ரேடியோவும் அங்கே கிடைத்து வந்தன. 1985-ல் அது தீக்கிரையாயிற்று. இன்று அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவே புகலிடம். ஆனால் அங்கும் புதுச்சரக்கே மிகுதி. பேர்பெற்ற ஜப்பானிய முத்திரையைப் போலியாகப் பொறித்த சரக்கும் ஊடே கலந்திருக்கிறது. ஸ்டீரியோவுக்கான இரட்டைக் கண்ட்ரோல் வாங்குவோர் இரு தடங்களும் ஒத்து ஏறுகின்றனவா என்று அளக்காமல் வாங்கினால், ஓசை ஒரு காதில் மிகுந்தும் மறு காதில் குறைந்தும் ஒலிக்க நேரிடும். உண்மையான பழஞ்சரக்கோ சிற்றூர்களில் மூடிய ரேடியோக் கடைகளின் பரணிலும், காயலான் கடைகளின் மூட்டையிலும் உறங்குகிறது. கேட்பாரின்மையால் அது எடைக்கு எடை இரும்பாகப் போகிறது.

இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை பேச்சா என்று அன்பர்கள் கேட்கலாம். 1924-ல் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பைத் தோற்றுவித்து ஒலிபரப்பினர். பொருளின்மையால் 1927-ல் அது நின்றது. 1941-ல் கோவை ஸ்ரீ ஜி. டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தரலாம் என்று அறிவித்தார். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' என்று நாடு முழங்கியபோது, ஸ்ரீமதி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் மறைந்திருந்து காங்கிரஸ் ரேடியோவை நடத்தினர். அவ்வாண்டு நவம்பரில் போலீசார் கைப்பற்றும்வரை அது பேசிற்று. ரேடியோ சாமான்களை அறிந்த கைகள் அன்று இல்லாதிருந்தால், தலைவர்கள் சிறையிலிருந்த தேசத்திற்கு அந்தக் குரல் வாய்த்திராது. கருவியைத் திறந்து பார்க்கவும் செப்பனிடவும் அறிந்த ஜனங்களே சுதந்திரத்தைக் காக்க வல்லவர்.

இன்றைய நிலை யாது? 1997-ல் இந்தியா தகவல் தொழில்நுட்பச் சரக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தது. மின்னணு உறுப்புகள் பலவற்றின்மேல் இருந்த சுங்கவரி பின்னர் நீங்கிற்று. மலிவுச் சரக்கு வந்தது; அதனால் பலருக்கு நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சிறு உறுப்புகளைச் செய்தவர்க்குப் போட்டி கடினமாயிற்று. 2022-ல் மத்திய சர்க்கார் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையத்தில் ஒரு தளமும் திறந்தது. வரவேற்கத் தக்கதே. எனினும் உதிரி உறுப்பு இல்லாத உரிமை, நெல்லில்லாத களஞ்சியம்.

நாம் கேட்பது அதிகமன்று. காயலான் கடைக்குப் போகும் ஒவ்வொரு பழைய பெட்டியிலிருந்தும் நல்ல உறுப்புகளைக் கழற்றி, அளந்து, அளவைச் சீட்டில் எழுதி வைக்கும் வேலையை ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பயிற்சியாக அளிக்கலாம். மாவட்டந்தோறும் மெக்கானிக்குகள் கூடி அச்சரக்கிற்குப் பொதுப் பட்டியல் வைக்கலாம். கால் அங்குல அச்சும் சுவிட்சும் உள்ள கண்ட்ரோலைச் சிறு தொகையாகவேனும் செய்ய நமது தொழிற்பேட்டைகள் முன்வரலாம். வாங்க ஆள் உண்டு. செய்யத் தெரிந்த கையும் உண்டு. இரண்டையும் இணைப்பார்தாம் இல்லை.

திருத்தணி வட்டாரம் ஸ்ரீ ம. பொ. சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-ந் தேதி நம்மோடு சேர்ந்தது. மண்ணை மீட்க அன்று இவ்வட்டாரம் காட்டிய உறுதியில் ஒரு சிறு பங்கை, கைத்தொழிலை மீட்க இன்று நாம் காட்டலாகாதா? அடுத்த ஆடிக் கிருத்திகையில் அந்த முதியவரின் ஆம்ப்ளிபையர் மீண்டும் பாடவேண்டும். அதிலிருக்கும் குமிழ் நம் நாட்டார் கையால் ஆனதாகவும் இருக்கவேண்டும்.