மதராஸில் பிறந்தால் மதராஸ்காரரா?

1967 மார்ச்சில் பீட்டில்ஸின் 'பென்னி லேன்' பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் ஏறாமல் மறித்தவர் பிறந்தது நம்ம மதராஸில். எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க். அவருடைய 'ரிலீஸ் மீ' ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. பட்டியலை விட்டு இறங்க 56 வாரம் ஆச்சு!

இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி, பிறப்பு 1936. அப்பாவுக்கு பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை. பையனுக்குப் பத்து வயசு இருக்கும்போது குடும்பம் லெஸ்டருக்குப் போயிடுச்சு. மேடைப்பெயர்கூட ஒரு ஜெர்மன் இசையமைப்பாளருடையது, மேனேஜர் வைத்தது. (1962-ல் பீட்டில்ஸ் கழற்றிவிட்ட டிரம்மர் பீட் பெஸ்ட் பிறந்ததும் மதராஸில்தான்.)

எகிப்திலும் இதே கதைதான். பிரான்ஸில் கொடிகட்டிப் பறந்த தலிதா, கெய்ரோவில் வாழ்ந்த இத்தாலியக் குடும்பத்துப் பெண். 1976-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த டெமிஸ் ரூசோஸ், அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்த கிரேக்கர்.

இவர்களை 'நம்மாளு'ன்னு சொல்லிக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்க பண்ருட்டிப் பலாவுக்கு ஊர்ப்பேர் ஒட்டும். 'ரிலீஸ் மீ'யில் மதராஸ் எங்கே இருக்கு? பிறந்த ஊரை வைத்துப் பட்டியல் போட்டால் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் விடுபட்டுப் போவார். பிறந்தது லண்டன், வளர்ந்தது யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும். போருக்குத் தப்பி மறுபடி லண்டன். அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' 2008-ல் அமெரிக்கத் தரவரிசையில் 4-ஆம் இடம் பிடித்தது. அந்தப் பாட்டுக்குத் தூண்டுதலே அமெரிக்க விசாவுக்கு அவர் பட்ட பாடுதான்.