புகைக்கரியில் கிடந்த குரல்

ஒலிப்பதிவு என்றதும் நமக்கு எடிசன் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. அவர் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877-இல். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, பாரிஸ் நகரத்து அச்சுத் தொழிலாளரான லெயோன் ஸ்காட் என்பவர் ஒலியைத் தாளில் எழுதும் கருவிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

விளக்குப் புகைக்கரி படிந்த தாளை உருளையில் சுற்றிக் கையால் சுழற்ற வேண்டும். அகன்ற குழலுக்குள் பாடினால் அதன் முனையிலுள்ள மெல்லிய சவ்வு அதிரும். சவ்வோடு இணைந்த முள் கரியில் நெளிகோடு கீறும். அவ்வளவுதான்! திரும்பக் கேட்க வழியில்லை. ஸ்காட் அதை விரும்பவும் இல்லை. கண்ணால் படிப்பதற்கே எழுதினார்.

1860 ஏப்ரல் 9 என்று தேதியிட்ட அவரது தாள் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் நுட்பமாகப் படமெடுத்து, நெளிவுகளைக் கணிப்பொறியால் ஒலியாக மாற்றினார்கள். பிரெஞ்சு நாட்டுப்பாடல் ஒன்று சில விநாடிகள் கேட்டது. கையால் சுழற்றிய உருளை ஒரே சீராகவா ஓடியிருக்கும்? நாங்கள் ஆய்வுக்கூடத்தில் தட்டிப் பார்க்கிறோமே, அந்த இசைக்கவைதான் கைகொடுத்தது. குரலின் கோட்டருகிலேயே இசைக்கவையின் அதிர்வையும் ஸ்காட் பதித்து வைத்திருந்தார். அதை அளவுகோலாகக் கொண்டு வேகத்தைச் சீராக்கினார்கள். பாடியவர் ஒரு பெண், சிறுமியாகவும் இருக்கலாம் என்று உலகமே நம்பியது. எங்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது!

ஆனால் அக்காலப் பிரெஞ்சுக்காரர் அதிர்வில் போவதை ஒன்று, வருவதை ஒன்று என எண்ணுவார்களாம். அவர்களுடைய 500 நம் கணக்கில் 250. 2009-இல் வேகத்தைப் பாதியாக்கினார்கள். மிக மெதுவாக, ஓர் ஆணின் குரல் பாடியது. அது ஸ்காட்டின் குரலே என்று கருதுகிறார்கள். அவர் 1879-லேயே இறந்துவிட்டார்.