தாய்ச்சி பயின்றோம்

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நம்மவர் இல்லங்களில் முதிய பெற்றோர் எவ்வாறு காலங்கழிக்கின்றனர் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஊரில் கோயில், குளம், திண்ணை என்று நடமாடியவர்கள் இங்கே மாடிக் குடியிருப்பின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். நமது அன்னையாரின் நிலையும் அதுவே. தந்தையார் காலமானபின் கும்பகோணத்திலிருந்து அவரைக் கொல்கத்தாவுக்கு அழைத்து வந்தோம். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி வீழ்ந்தார். இறைவனருளால் எலும்புக்குச் சேதமில்லை. ஆயினும் அன்று பற்றிய அச்சம் அவரை விடவில்லை. சுவரைப் பிடிக்காமல் ஓரடியும் வைக்க மறுத்தார். மூன்று மாடி இறங்குவதை அடியோடு நிறுத்திவிட்டார்.

இந்நிலையில், ரவீந்திர சரோவர் ஏரியை அடுத்த சமூகக் கூடமொன்றில் ஞாயிறுதோறும் காலையில் ‘தாய்ச்சி’ என்னும் சீனப் பயிற்சி கற்பிக்கப்படுவதாகவும், அது முதியோர்க்கு உகந்ததெனவும் அலுவலக நண்பரொருவர் கூறினார். அன்னையாரிடம் தெரிவித்தோம். “பிள்ளைகள் விளையாட்டிலே தாச்சி என்பார்களே, அதுவா? இந்த வயதிலா, தம்பி?” என்று கேட்டுச் சிரித்தார். வீழ்ந்த நாளுக்குப்பின் அவர் சிரித்துக் கண்டது அன்றுதான்.

தாய்ச்சி அடிப்படையில் ஒரு போர்க்கலை. 17ஆம் நூற்றாண்டில் சீனத்தின் ஹெனான் மாகாணத்தில், சென் குடும்பத்தார் வாழ்ந்த சிற்றூரில் உருப்பெற்றதென்பர். 19ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் என்பவர் அதனைப் பெய்ஜிங் நகரிற் கற்பித்தார். பொதுமக்கள் எளிதிற் பயிலும் பொருட்டு, 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறையினர் 24 நிலைகள் கொண்ட சுருக்க முறையொன்றை வகுத்தனர். முழுவதையும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடங்களே ஆகும். 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. நமது நகரின் திரெட்டா பஜார், தாங்ரா பகுதிகளில் சீன வமிசத்தினர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். எனினும் அவர்தம் கலையொன்றை நாம் அணுகிக் கண்டது இதுவே முதன்முறை.

ஆசிரியை ஓய்வு பெற்ற வங்காள மாது. பயில்வோர் பதினைவர், பெரும்பாலோர் முதியோர். ‘வெண்கொக்கு சிறகை விரித்தல்’, ‘முகில்போற் கைகளை அசைத்தல்’, ‘சேவல் ஒற்றைக்காலில் நிற்றல்’ எனப் பெயர்களே அழகுடையவை. அன்றாடம் ஓடிச்சென்று மின்ரயில் பிடிக்கும் நமக்கு இஃது எம்மாத்திரம் என்று எண்ணினோம். அரைமணிக்குள் தொடைகள் நடுங்கின. சேவல் நிலையில் தடுமாறிப் பக்கத்திலிருந்த பெரியவரின் தோளைப் பற்றினோம். எழுபதைக் கடந்த அவர் சற்றும் அசையவில்லை.

அன்னையார் இரண்டு வாரங்கள் நாற்காலியில் அமர்ந்து பார்த்திருந்தார். மூன்றாம் வாரம், அந்நாற்காலியின் முதுகைப் பற்றியபடி எழுந்து நின்றார். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு வங்காளம் தெரியாது. “ஆஸ்தே, ஆஸ்தே” என்று ஆசிரியை சொல்ல, ‘மெதுவாக’ என்பதே அதன் பொருளென அன்னையார் தாமே உணர்ந்துகொண்டார்.

இப்பயிற்சியின் உயிர்நிலை ஒன்றே. உடற்பாரம் ஒரு காலில் முழுதும் நிலைபெற்ற பின்னரே மறுகாலை எடுத்தல் வேண்டும். முன்னோக்கி அடியெடுக்குங்கால் குதிகாலை முதலில் ஊன்றி, நிலம் உறுதியென அறிந்தபின் பாரத்தை மெல்ல மாற்றுதல் வேண்டும். இதனாற் கால்கள் வலுப்பெறும். உடல் சாயுமுன்னரே அதனைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் படியும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, தாய்ச்சி பயிலும் முதியோரிடையே வீழ்வோர் தொகை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையக்கூடும் என்கிறது. முழங்கால் நோயும் தலைச்சுற்றலும் உடையோர் மருத்துவரைக் கலந்தபின் தொடங்குவது நன்று.

நான்கு திங்கள் கடந்தன. அன்னையார் இன்று கைப்பிடியைப் பற்றியவாறு படியிறங்குகிறார். உடன் பயிலும் வங்காள மூதாட்டி ஒருவருடன் லேக் மார்க்கெட் சென்று கீரை வாங்கி வருகிறார். இருவரும் அவரவர் மொழியிலேயே பேசிக்கொள்கின்றனர். குளியலறையில் மட்டும் அச்சம் முற்றும் நீங்கவில்லை. அங்கே இப்போது ஒரு கைப்பிடி பொருத்தியுள்ளோம். சில நூறு ரூபாயில் முடிந்த அவ்வேலையைச் செய்ய, அவர் வீழும்வரை நமக்குத் தோன்றவில்லையே என்னும் வருத்தம் நமக்கு உண்டு.

நமது சங்கக் கூடம் ஞாயிறு காலைகளிற் பூட்டியே கிடக்கிறது. வாரம் ஒருமணி நேரம் அதனைத் திறந்துவிட்டால் நம் முதியோரும் அங்கே கூடிப் பயிலலாம். ஆசிரியை வர இசைந்துள்ளார். செயற்குழுவினர் ஆவன செய்வாராக. அன்பர்கள் அதுவரை காத்திராமல், இன்றே தங்கள் இல்லத்துக் குளியலறையை ஒருமுறை பார்த்து வருமாறு வேண்டுகிறோம்.