தலைக் கணக்கில் நம்பிக்கை வளராது: ஆள் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பெட்டாலிங் ஜெயா, சுங்கை வே தொழிற்பேட்டை வட்டாரத்தில் வேலை விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ‘உடனடி வேலை, 2,500 வெள்ளி வரை சம்பளம், பேருந்து வசதி உண்டு’ என்பது போன்ற செய்திகள் புலனக் குழுக்களில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால், விண்ணப்பித்த இளைஞர்கள் பலருக்கு நேர்முகத் தேர்வுக்குப் பிறகு ஒரு வரிப் பதில்கூட வருவதில்லை. வருவதாகச் சொன்னவர் வரவில்லை, வந்தவரும் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார் என்பது ஆள் சேர்ப்பவர்களின் குறை. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் பேச்சிலேயே உண்மை முழுதாகச் சொல்லப்படுவதில்லை.

கங்காணி காலத்துப் பாடம்

ஆள் சேர்ப்பு மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பி, உறவினரையும் ஊராரையும் அழைத்துவரச் செய்ததுதான் கங்காணி முறை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின், தோட்டங்களுக்கு ஆள் திரட்ட இதுவே முதன்மை வழியாக இருந்தது.

கங்காணிக்கு ஊரில் ஒவ்வொரு வீட்டையும் தெரியும். இன்றைய வேலை முகவர் எவருக்கும் கிடைக்காத நெருக்கம் அது. ஆனால், அவருடைய வருமானம் தலைக் கணக்கில் இருந்தது. அழைத்துவந்த ஆளுக்கு ஒரு தொகை. அந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் சில காசு. ஆகவே, மலேரியாவைப் பற்றியும் கடனைப் பற்றியும் கப்பல் ஏறும் முன்பே எடுத்துச் சொல்வதில் அவருக்கு லாபம் இல்லை. 1938இல் இந்திய அரசு இத்தகைய தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தபோது அம்முறை முடிவுக்கு வந்தது. தெரிந்தவர் என்பதால் மட்டும் ஒருவர் நம்பிக்கைக்கு உரியவராகிவிட மாட்டார் என்பதே அதன் பாடம்.

சம்பளத்தை உடைத்துச் சொல்லுங்கள்

சுங்கை வேயில் 1972இல் சுதந்திர வாணிப வலயம் அமைந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டப்புற இளையோருக்கும் ஆலை வேலைக்கு வழி திறந்தது. இன்று முகவர் மூலம் ஆள் எடுக்கும் முதலாளிகள், பெரும்பாலும் ஆள் கணக்கிலேயே முகவருக்குப் பணம் கொடுக்கிறார்கள். எனவே பழைய ஆபத்து இன்னும் போய்விடவில்லை.

‘2,500 வெள்ளி வரை’ என்ற விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற மிகைநேரக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 17 காசு. மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு என்றால், ஏறக்குறைய 12 வெள்ளி 26 காசு. மீதமுள்ள 800 வெள்ளியைச் சம்பாதிக்க மாதம் சுமார் 65 மணி நேரம் மிகைநேரம் செய்ய வேண்டும். மாதம் 26 வேலை நாள் என்றால், நாள்தோறும் கூடுதலாக இரண்டரை மணி நேரம். அடிப்படைச் சம்பளத்தில் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, இ.பி.எஃப்.புக்குப் போகும்.

இந்தக் கணக்கை முதல் தொலைபேசி உரையாடலிலேயே சொன்னால் சிலர் வேண்டாம் என்பார்கள். சரி என்பவர்களோ தெரிந்தே வருகிறார்கள். பாதியில் நிற்கும் வாய்ப்பு குறைவு. இரவு ஷிப்டு உண்டா, எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலையா, பேருந்து எந்த இடம்வரை வரும் என்பவற்றையும் இப்படியே சொல்லிவிடலாம்.

‘இல்லை’ என்பதும் பதில்தான்

பதில் தரும் நாளைச் சொல்லிவிட்டால், அந்த நாளில் பதில் போக வேண்டும். ‘இம்முறை தேர்வாகவில்லை, காரணம் இது’ என்று இரண்டு வரி அனுப்ப அதிக நேரம் ஆகாது. மாண்டரின் தெரிந்தவர்தான் வேண்டும் என்றால், அதையும் எதற்காக என்பதையும் விளம்பரத்திலேயே போடலாம். கிள்ளானிலிருந்து விடுப்பு எடுத்து, பேருந்துக் கட்டணம் கொடுத்து வந்தவரிடம் நேர்முகத் தேர்வில் சொல்வது நியாயமாகாது.

வேலைக்குச் சேர்த்துவிட்டதோடு உறவு முடிந்துவிடவும் கூடாது. முதல் வாரத்திலும் முதல் சம்பள நாளிலும் ஓர் அழைப்பு போதும். சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால் முதலாளியிடம் பேசவேண்டியவர் ஆள் சேர்த்தவரே. அப்படிப் பேசியவரின் பெயர் தோட்டத்திலும் அடுக்குமாடியிலும் வாய்வழியாகவே பரவும்.

வேலை தேடுவோர் கவனத்துக்கு

தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவாகாது. நேர்முகத் தேர்வுக்கு முன்பே பணமோ வங்கி அட்டையோ கேட்பவரிடமிருந்து விலகிவிடுவதே நல்லது. அடையாள அட்டை நகலை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பணம் மோசடியாகப் போய்விட்டால் தாமதிக்காமல் 997 எண்ணை அழைக்கலாம். சொக்சோ நடத்தும் ‘மைஃபியூச்சர்ஜோப்ஸ்’ தளத்தில் கட்டணமின்றி வேலை தேடலாம்.

முகவர் எப்படிப்பட்டவர் என்பதை முதல் சம்பளச் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும். அவர் சொன்ன தொகையும் சீட்டில் உள்ள தொகையும் ஒத்துப்போனால், அடுத்த முறை தம்பியையோ தங்கையையோ அவரிடமே அனுப்பிவைப்பார்கள்.