உரமிட்ட காடு தந்த விடை

வயலுக்கு உரமிடும் உழவர் அதன் பயனை அந்தப் பருவத்து அறுவடையிலேயே கண்டுவிடுகிறார். காட்டுக்கு உரமிட்டால்? சுவீடன், பின்லாந்து போன்ற வடபுல நாடுகளில் நட்ட ஊசியிலை மரம் வெட்டுக்கு வர 60 முதல் 100 ஆண்டுகள்கூட ஆகும். நடுபவர் ஒருவர், வெட்டுபவர் மற்றொருவர். ஆகவே, அங்கு ஒரு வளர்ப்பு முறையின் நன்மை தீமையை அறிய நீண்ட பொறுமை வேண்டும்.

முதலில், இளமரங்களில் சிலவற்றை வெட்டி நெருக்கத்தைக் குறைக்கும் முறையைப் பாருங்கள். ஒளியும் நீரும் சத்தும் மிகுதியாகக் கிடைப்பதால் எஞ்சிய மரங்கள் பருக்கின்றன. ஆனால் காட்டில் விளையும் மரத்தின் மொத்தக் கன அளவு பொதுவாகக் கூடுவதில்லை. பல மரங்களில் பரவியிருந்த வளர்ச்சி சில மரங்களில் சேர்கிறது, அவ்வளவே. மேலும், அதுவரை ஒன்றுக்கொன்று அரணாக நின்ற மரங்கள் முதற் சில ஆண்டுகளில் புயலுக்கும் பனிச்சுமைக்கும் எளிதில் சாய்ந்துவிடும்.

அடுத்து உரம். குளிர் மிகுந்த மண்ணில் உதிர்ந்த ஊசியிலைகள் மெல்லவே மட்குகின்றன. அதனால் நைட்ரஜன் மரத்துக்கு எட்டாமல் மண்ணிலேயே முடங்கிக் கிடக்கிறது. ஹெக்டேருக்கு 150 கிலோகிராம் நைட்ரஜனை ஒருமுறை இட்டால், சுமார் 10 ஆண்டுகள் வரை வளர்ச்சி கூடுகிறது.

அப்படியானால், ஆண்டுதோறும் உரமிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இதே கேள்வியுடன் 1971ஆம் ஆண்டில் வட சுவீடனில் நோர்லிடன் என்னுமிடத்து ஸ்காட்ஸ் பைன் காட்டில் ஒரு சோதனை தொடங்கியது. வெவ்வேறு பாத்திகளுக்கு ஆண்டுதோறும் வெவ்வேறு அளவில் நைட்ரஜன் இடப்பட்டது.

தொடக்கத்தில் உரம் பெற்ற மரங்கள் செழித்தன. அப்போதே சோதனையை முடித்திருந்தால், உரம் கூடக்கூட நன்மையே என்று எழுதியிருப்பார்கள். ஆனால் 30 ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, குறைந்த அளவு பெற்ற பாத்திகளே நிலையான ஆதாயம் தந்திருந்தன. மிகுதியாகப் பெற்றவற்றில் தொடக்க ஆதாயம் தேய்ந்துவிட்டது.

காரணம் யாது? மரம் உறிஞ்சியது போக எஞ்சிய நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி நீரோடு கீழிறங்குகிறது. போகும்போது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றையும் அடித்துச் செல்கிறது. மண் அமிலத்தன்மை அடைகிறது. வேரோடு கூடி வாழ்ந்து மரத்துக்குச் சத்து தேடித் தரும் பூஞ்சைகளும் குறைகின்றன.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. மிக அதிக அளவு உரமிடுவது 1990இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் அப்பாத்திகளில் வேர்ப்பூஞ்சைகள் மெல்ல மீண்டு வந்தன.

ஐந்தாண்டுக் காடு ஒரு விடை சொல்கிறது. முப்பதாண்டுக் காடு வேறு விடை சொல்கிறது. மரத்தைப் பற்றிய சோதனை மரத்தின் வயதுக்கு ஈடுகொடுத்து நடக்கவேண்டும். இல்லையேல், பாதி விடையை முழு விடையென்று நம்பி, அடுத்த தலைமுறையின் மண்ணை நாம் செலவழித்துவிடுவோம்.