அகஸ்டஸின் வெள்ளிக் காசு
தெனாரியஸ். லுக்துனம் நாணயச்சாலை (இன்றைய பிரான்சின் லியோன் நகரம்). கி.மு. 2 – கி.பி. 4. எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

ரோமானியர்கள் ‘அரசன்’ என்ற சொல்லையே வெறுத்தவர்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் உயிரோடிருக்கும்போதே தம் முகத்தைக் காசில் பொறிக்கச் செய்தார். அதே ஆண்டு மார்ச்சில் கொல்லப்பட்டார். அவருடைய தத்து மகன் ஆக்டேவியன் உள்நாட்டுப் போர்களில் வென்றபின்னும் முடி சூடிக்கொள்ளவில்லை. கி.மு. 27-இல் செனட் அவை அவருக்கு ‘அகஸ்டஸ்’ என்ற பெயரை வழங்கியது. செனட்டும் தேர்தல்களும் தொடர்ந்தன. படைகளும் முக்கிய மாகாணங்களும் அவர் கையில் இருந்தன.

காசின் பின்புறத்தைப் பாருங்கள். நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். இருபுறமும் நிற்பவர்கள் கையஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்களான இவர்களை அவரே பிள்ளைகளாகத் தத்தெடுத்தார். சுற்றியுள்ள எழுத்துகள் இவர்களை ‘இளைஞர் தலைவர்கள்’ என்கின்றன. ஆட்சி ஒரு குடும்பத்துக்கு உரியதாகிவிட்டதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விரல்நுனியளவான இந்தக் காசு சொல்லிவிடுகிறது. லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் கி.பி. 4-லும் இறந்தனர். கி.பி. 14-இல் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் மகன் திபேரியஸ் ஆட்சிக்கு வந்தார்.

இதே வகைக் காசுகள் வணிகர்களோடு கடல் கடந்து வந்து, கோயம்புத்தூர்ப் பகுதிப் புதையல்களிலும் கிடைத்துள்ளன.