மதிப்புரையும் ஒரு மூலதனமே

ஸ்ரீ விஜயபுரத்தின் அபர்டீன் பஜார்ப் பகுதியில் சிறிய அழகு நிலையம் ஒன்றை நடத்துபவருக்கு இருவகை வாடிக்கையாளர்கள் உண்டு. முதல் வகையினர் ஊர்க்காரர்கள். அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு வருகின்றனர். குறை இருந்தால் நேரில் சொல்கின்றனர். மனம் நிறைந்தால் அடுத்த மாதமும் வருகின்றனர். இரண்டாம் வகையினர் சுற்றுலாப் பயணிகள். தேனிலவுக்கு வந்தவர்கள் மருதாணி இட்டுக்கொள்ள விரும்புகின்றனர். கடற்கரையில் திருமணம் செய்ய வந்தவர்கள் மணப்பெண் அலங்காரத்திற்கு ஆள் தேடுகின்றனர். அவர்களுக்கு இவ்வூரில் விசாரிக்க அண்டை வீட்டார் இல்லை. கைப்பேசியில் தேடி, முன்பு வந்தவர்கள் எழுதிய மதிப்புரைகளைப் படித்தே எங்குச் செல்வது என்று முடிவு செய்கின்றனர்.

இந்தப் பழக்கம் தீவுகளில் வேரூன்ற வழிவகுத்தது கடலடிக் கேபிள். நெடுங்காலம் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சென்னையோடு இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கண்ணாடியிழைக் கேபிள் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது போர்ட் பிளேர் என்று வழங்கிய தலைநகரோடு ஸ்வராஜ் தீவு, ரங்கத், கார் நிக்கோபார் உள்ளிட்ட ஏழு தீவுப் பகுதிகளும் அதில் இணைந்தன. ஆகவே, இணையத்தில் நிற்கும் நற்பெயர் இன்று சிறு தொழிலுக்கும் எட்டக்கூடிய சொத்து. அதை நேர்மையாகச் சேர்க்கும் வழிகளை இங்குக் காண்போம்.

முகவரியைச் சரிசெய்தல்

கூகுள் வரைபடத்தில் ஒரு நிறுவனத்தின் பக்கத்தை உரிமையாளர் கட்டணமின்றித் தம் பெயரில் உறுதிசெய்துகொள்ளலாம். பெயர்ப்பலகையில் உள்ள பெயர், திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண், விடுமுறை நாட்கள் ஆகியவை சரியாக இருத்தல் வேண்டும். 2024 செப்டம்பரில் தலைநகரின் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டதால், முகவரியையும் ஒருமுறை சரிபார்ப்பது நன்று. மதிப்புரை எழுதுவதற்கான இணைப்பும் கியூஆர் குறியீடும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. குறியீட்டை அச்சிட்டு வைப்போர், பணம் செலுத்தும் குறியீட்டிற்குச் சற்றுத் தள்ளி வைத்து, எது எதற்கு என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுதல் குழப்பத்தைத் தவிர்க்கும்.

கேட்கும் தருணம்

மனம் நிறைந்த வாடிக்கையாளர் பலர் எழுதாமல் போவதற்குக் காரணம், அவர்களிடம் யாரும் கேட்காததே. வேலை முடிந்து, கண்ணாடியில் பார்த்து முகம் மலரும் வேளையே கேட்பதற்கு ஏற்றது. “இன்றைய சேவை எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள், அடுத்து வருபவர்களுக்கு உதவியாக இருக்கும்” என்று சொன்னால் போதும். “ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்” என்று சொல்ல வேண்டாம்.

சுற்றுலாப் பயணி நாளையே கப்பலேறக்கூடும் என்பதால் அன்றைய தினமே கேட்க வேண்டும். மணப்பெண்ணிடம் திருமணத்தன்று கேட்பது முறையன்று. இரண்டு மூன்று நாள் கழித்து, அவர் இசைவோடு, வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒருமுறை மட்டும் அனுப்பலாம். எந்தச் சேவை, எவ்வளவு நேரம், தூய்மை எப்படி என்று குறிப்பிட்டு எழுதும் மதிப்புரையே படிப்பவருக்குப் பயன்படும். அது தமிழில், இந்தியில், வங்காளத்தில், எந்த மொழியில் இருந்தாலும் நன்றே.

தவிர்க்க வேண்டியவை

மதிப்புரை எழுதினால் தள்ளுபடி என்று அறிவிப்பதும், மகிழ்ந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும், ஊழியரையும் உறவினரையும் எழுதவைப்பதும் கூகுளின் விதிகளுக்கு முரணானவை. அத்தகைய மதிப்புரைகள் நீக்கப்படலாம். இணைய மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. நேர்மை, துல்லியம், வெளிப்படைத்தன்மை ஆகியவை அதன் அடிப்படைக் கொள்கைகளுள் அடங்கும். விலைக்கு வாங்கிய புகழ் சட்டச் சிக்கலையும் தரக்கூடும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளைத் தடுக்கிறது.

குறை சொன்னால்

நான்கு பேர் ஐந்து நட்சத்திரம் அளித்த நிலையத்திற்கு ஐந்தாமவர் ஒரு நட்சத்திரம் அளித்தால் சராசரி 4.2 ஆகிவிடும். நாற்பது பேர் ஐந்து அளித்திருந்தால், அதே ஒரு நட்சத்திரத்திற்குப் பின்னும் சராசரி 4.9 ஆக நிற்கும். குறையைத் தாங்கும் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. எனவே, நல்ல நாட்களிலேயே மதிப்புரைகளைச் சேர்த்து வைத்தல் வேண்டும்.

குறை வந்தால், ஓரிரு நாளில் அமைதியாக விடையளிக்க வேண்டும். “தாங்கள் காத்திருக்க நேர்ந்ததற்கு வருந்துகிறோம், இப்போது முன்பதிவு நேரத்தை மாற்றியமைத்துள்ளோம்” என்பது போன்ற விடையை அடுத்து வரும் நூறு பேர் படிப்பார்கள். மாற்றியமைக்காமல் அவ்வாறு எழுதலாகாது. வாடிக்கையாளரின் தோல் பிரச்சினையையோ ஒளிப்படத்தையோ பொதுவெளியில் வெளியிடவும் கூடாது.

ஓர் எச்சரிக்கை

தீய மதிப்புரையை நீக்கித் தருவதாகப் பணம் கேட்போரும், மதிப்புரை எழுதினால் வருமானம் என்று ஆசை காட்டிப் பின்னர் முன்பணம் கோருவோரும் உண்டு. அவர்களிடம் ஓடிபி, கடவுச்சொல் எதையும் பகிர வேண்டாம். பணம் இழந்துவிட்டால், தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் அளித்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

மதிப்புரையைப் பார்த்து வருபவர் செலுத்தும் தொகை வணிகக் கணக்கில் வரவாகப் பதிவாகட்டும். அழகு நிலையங்களும் முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது தொழில் வளர்வதைக் காட்ட, ஒழுங்கான கணக்கு வரவு துணைநிற்கும்.

மழைக்காலத்தில் தீவுகளுக்கு வரும் பயணிகள் குறைவர். நாற்காலிகள் சில நாள் காலியாகவே இருக்கும். ஆனால் சென்ற பருவத்தில் வந்தவர்கள் எழுதிய வரிகள் அப்போதும் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அடுத்த பருவத்திற்கான பயணத்தைத் திட்டமிடும் ஒருவர், தம் ஊரில் அமர்ந்தபடியே அவற்றைப் பார்த்து, தங்கள் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளக்கூடும்.